பட்டறையா, ஆன்லைன் சான்றிதழா, வாராந்திர வகுப்பா: குடியேறிகளைத் திரட்டுபவர்களுக்கு டேட்டா கற்றுக்கொடுக்கும் வழிகள்

அமெரிக்காவில் குடியேறிகளுக்காக வேலை செய்யும் சின்ன அமைப்பு ஒன்று, தன் ஒருங்கிணைப்பாளர்களுக்குக் கம்ப்யூட்டரும் டேட்டாவும் கற்றுக்கொடுக்கலாம் என்று முடிவெடுத்தால், முதல் கூட்டத்திலேயே எந்த மென்பொருள் வாங்குவது என்ற பேச்சு தொடங்கிவிடும். ஒருவர் ஏர்டேபிள் என்பார், இன்னொருவர் சேல்ஸ்ஃபோர்ஸ் இலவசமாமே என்பார், வேறொருவருடைய மருமகன் பைத்தான் நிரல்மொழி தெரிந்தவராக இருப்பார். அதெல்லாம் அப்புறம். வகுப்பை எப்படி நடத்துவது, யார் நடத்துவது, யாருடைய பட்டியலை வைத்து நடத்துவது, இந்த மூன்றில்தான் விஷயம் இருக்கிறது. மென்பொருள் சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முதல் வகுப்பிலேயே "இது நமக்கு ஆகாது" என்று எழுந்து போனவரைத் திரும்பக் கூட்டிவருவது கஷ்டம்.

யார் இந்த ஒருங்கிணைப்பாளர்கள்? வீட்டு வேலை செய்யும் பெண்களைத் திரட்டுபவர், டாக்ஸி ஓட்டுநர்களுக்காகப் பேசுபவர், வாடகைக்கு இருப்பவர்களின் சங்கத்தை நடத்துபவர், வழிபாட்டு இடத்தில் வாரம் ஒருமுறை உதவி மேசை போடுபவர். ஸ்பானிஷ், வங்காளம், நேபாளி, ஹைட்டி கிரியோல், அரபு என்று ஆளுக்கொரு மொழி. பலர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். இவர்களுக்கு டேட்டா தெரியாது என்று சொல்வதே தப்பு. எந்தக் கட்டடத்தில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுவதில்லை, யாருக்கு ஒரு போன் போட்டால் இருபது பேர் வருவார்கள் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. அது வாட்ஸ்அப்பிலும் நோட்டுப் புத்தகத்திலும் தலைக்குள்ளும் சிதறிக் கிடக்கிறது, அவர் ஊர் மாறினால் அவரோடு போய்விடுகிறது, அவ்வளவுதான் பிரச்சினை. கற்றுக்கொடுப்பவர் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

பட்டறையும் வாராந்திர வகுப்பும்

ஒருநாள் அல்லது இரண்டு நாள் பட்டறைக்கு ஒரு பெரிய வசதி உண்டு: நிதி கொடுப்பவருக்கு அறிக்கை எழுத எளிது. இத்தனை பேர் வந்தார்கள், போட்டோ இதோ, முடிந்தது. கிண்டலாகச் சொன்னாலும் பட்டறை முறையே வீண் என்று சொல்ல மாட்டேன். 1998-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் விஞ்ஞானிகளுக்காகத் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி என்ற நிரல் பயிற்சி இன்றைக்கு உலகம் முழுக்கப் பெரும்பாலும் இரண்டு நாள் பட்டறைகளாகத்தான் நடக்கிறது, நன்றாகவும் நடக்கிறது. ஆனால் அங்கே வரும் ஆராய்ச்சியாளர் திங்கட்கிழமை ஆய்வகத்துக்குத் திரும்பியதும் அதே நிரலை எழுதியாக வேண்டும், கற்றது கையில் தங்கிவிடும். நம் ஒருங்கிணைப்பாளர் திங்கட்கிழமை திரும்புவது வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய ஒரு குடும்பத்திடம். இரண்டு வாரம் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறக்கவே நேரம் கிடைக்காது, மூன்றாவது வாரம், பட்டியலைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் பிவட் டேபிள் எந்த மெனுவில் இருந்தது என்பதே மறந்திருக்கும்.

அந்தப் பட்டறைகளிலிருந்து கடன் வாங்க வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்கும் இரண்டு நிறத்தில் ஒட்டும் சீட்டு கொடுப்பார்கள், சரியாகப் போகிறது என்றால் ஒன்று, மாட்டிக்கொண்டேன் என்றால் மற்றது, மடிக்கணினியின் மேல் ஒட்டினால் போதும். ஆங்கிலத்தில் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நிறைந்த வகுப்பில் இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரிந்து இல்லை.

வாராந்திர வகுப்பு என்றால் ஒன்றரை மணி நேரம், இரண்டு இரண்டரை மாதம், ஆறிலிருந்து பத்துப் பேர், ஒவ்வொருவரும் தங்கள் சொந்தப் பட்டியலோடு வருவது. இதுதான் என் கட்சி, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சொந்தப் பட்டியலில்தான் உண்மையான அழுக்கு இருக்கிறது, பாடம் அந்த அழுக்கில்தான் இருக்கிறது. பாடப்புத்தகத்துக்காகச் செய்த மாதிரி அட்டவணையில் எல்லாருக்கும் ஒரு முதல் பெயர், ஒரு குடும்பப் பெயர், ஒழுங்கான பிறந்த தேதி இருக்கும். குடியேறிகளின் பட்டியலில் அப்படியா இருக்கிறது? ஒற்றைப் பெயர் கொண்டவருக்கு அமெரிக்க ஆவணங்களில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சிட்டிருப்பார்கள். பட்டியலை வரிசைப்படுத்தினால் சம்பந்தமே இல்லாத ஐந்து பேர் எஃப்என்யூ என்ற ஒரே பெயரில் வரிசையாக நிற்பார்கள். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கு இரண்டு குடும்பப் பெயர், ஒரு தாளில் முதலாவது, இன்னொரு தாளில் இரண்டாவது. முகம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம். அகதிகளாக வந்தவர்களில் பிறந்த நாள் பதிவாகாத பலருக்கு ஜனவரி 1 என்றே போட்டிருப்பதால், பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் அது ஒரே ஆள் என்ற வழக்கமான சூத்திரம் இங்கே கவிழ்ந்துவிடும். தேதியில் நாளை முதலில் எழுதிப் பழகியவர் 4/7 என்று எழுதியதை, மாதத்தை முதலில் வைக்கும் அமெரிக்க எக்செல் ஏப்ரல் 7 என்று எடுத்துக்கொள்ளும், ஒரு சத்தமும் போடாது. நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் அஞ்சல் குறியீடுகள் பூஜ்யத்தில் தொடங்குகின்றன. 07302 என்று தட்டினால் எக்செல் அதை எண்ணாக நினைத்து 7302 ஆக்கிவிடும், கடிதம் அனுப்பும் நாளில்தான் அது தெரியவரும்.

இதையெல்லாம் பட்டறையில் ஒரு ஸ்லைடில் சொல்லலாம்தான். ஆனால் தன் பட்டியலில் ஒரே அம்மாள் மூன்று முறை இருப்பதைக் கண்டுபிடித்தவருக்கு, ஃபில்டர் எதற்கு, ஒவ்வொருவருக்கும் தனி உறுப்பினர் எண் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வெட்கப்படுகிறவர்களுக்கு ஒரு ஆறுதல் கதையும் வைத்திருக்கலாம். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில், பழைய எக்செல் கோப்பு வகை 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது என்பதைக் கவனிக்காமல் விட்டதில், கிட்டத்தட்ட 16,000 கோவிட் தொற்றுகள் கணக்கில் சேராமல் போயின. அரசாங்கத்துக்கே அப்படி நடந்திருக்கிறது.

வாராந்திர வகுப்பின் குறை சின்னதல்ல. ஷிஃப்ட் வேலைக்காரர் மூன்றாவது வாரம் வர மாட்டார், நான்காவது வாரம் வந்து ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பார். ஒரே பாடத்தை வாரத்தில் இரண்டு வெவ்வேறு நேரத்தில் நடத்தினால் பெருமளவு சரியாகும், அதற்கு இரட்டைச் செலவு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், போக்குவரத்துக்குக் காசு வேண்டும், முடிந்தால் வருகிற நேரத்துக்கே ஒரு தொகை கொடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் சம்பாதித்திருப்பார். இந்தச் செலவை ஏற்க முடியாத அமைப்பு பத்து வாரம் என்று அறிவித்துவிட்டு ஐந்தோடு நிறுத்துவதற்கு, ஒரே ஒரு விஷயத்துக்கு ஒருநாள் பட்டறை வைப்பது மேல். போன் பாதுகாப்பு அப்படிப்பட்ட விஷயம். பாஸ்வேர்டு, இரண்டு கட்ட உள்நுழைவு, போன் தொலைந்தால் என்ன செய்வது, இதெல்லாம் ஒரே அமர்வில் அவரவர் போனிலேயே செய்து முடித்துவிடலாம், மறந்துபோனாலும் போனில் செய்த செட்டிங் அப்படியே இருக்கும்.

ஆன்லைன் சான்றிதழ்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கூகுள் 2021-இல் கோர்செரா என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் கொண்டுவந்த டேட்டா அனலிட்டிக்ஸ் சான்றிதழ் தரமானதுதான். ஸ்ப்ரெட்ஷீட்டில் தொடங்கி எஸ்க்யூஎல், டாப்லோ, ஆர் என்ற டேட்டா கருவிகள் வரை போகிறது. ஆனால் அது டேட்டா அனலிஸ்ட் வேலை தேடுபவருக்காகச் செய்தது, கடைசிப் பயிற்சியாக வருவது ஒரு கற்பனை வாடகை சைக்கிள் நிறுவனத்தின் பயணக் கணக்கு. வீட்டு வேலையாட்கள் சங்கத்துக்காரர் சைக்கிள் பயணத்தை எதற்கு அலச வேண்டும்? தனியாக உட்கார்ந்து படிப்பதில் இன்னொரு சிக்கல், முடிப்பவர்கள் குறைவு. எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் நடத்திய பாடங்களைப் பற்றி 2019-இல் வந்த ஆய்வின்படி, பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம். சும்மா எட்டிப்பார்க்கப் பதிவு செய்பவர்களும் அதில் அடக்கம் என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், போக்கு மட்டும் போதும். அமைப்பில் ஏற்கெனவே ஷீட்டில் கைதேர்ந்த ஒருவர் இருந்து, அவருக்கு இதிலேயே மேலே போக ஆசை என்றால், அந்த ஒருவருக்கு இந்தச் சான்றிதழ் நல்ல முதலீடு. அவர் வேறு வேலைக்குப் போய்விடுவாரே என்று கேட்கலாம். போகலாம், அது அவர் உரிமை.

நிபுணரா, கூட இருப்பவரா

டெக் கம்பெனியில் வேலை பார்க்கும் தன்னார்வலர் பாடம் நடத்துவதா, போன வருஷம் கற்றுக்கொண்ட சக ஒருங்கிணைப்பாளர் நடத்துவதா? முதலாமவருக்கு விஷயம் தெரியும். இரண்டாமவருக்கு எங்கே தடுக்கும் என்று தெரியும். இந்த விவாதம் கம்ப்யூட்டருக்கு முந்தியது. 1957-இல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில், கறுப்பின மக்கள் எழுதப் படிக்கக் கற்று வாக்காளராகப் பதிவு செய்துகொள்வதற்காகக் குடியுரிமைப் பள்ளி ஒன்று தொடங்கியது. டென்னசியில் இருந்த ஹைலேண்டர் பள்ளியின் ஆதரவில், செப்டிமா கிளார்க்கும் ஈசா ஜென்கின்ஸும் முன்நின்று நடத்திய அந்த முயற்சிக்கு முதல் ஆசிரியராக அவர்கள் தேர்ந்தெடுத்தது பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகுக்கலைஞரை. ஆசிரியப் பயிற்சி இல்லாதவர், அதனாலேயே வேண்டும் என்றார்கள். வந்தவர்களிடம் உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று கேட்டு, மணி ஆர்டர் நிரப்புவது, கடிதம் எழுதுவது, வாக்காளர் பதிவுக்காக மாநில அரசியல் சட்டத்திலிருந்து வாசித்துக்காட்டுவது என்று அவர்கள் கேட்டதிலிருந்தே அவர் பாடம் அமைத்தார். அந்தப் பள்ளிகள் பிறகு தெற்கு முழுக்கப் பரவின.

ஆகவே சக ஒருங்கிணைப்பாளர் பாடம் நடத்தட்டும், டெக் தெரிந்தவர் பின்வரிசையில் உட்காரட்டும், ஒட்டும் சீட்டு மாறிய மேசைக்குப் போகட்டும். தலைகீழாக வைத்தால் என்ன ஆகும் என்றால், தன்னார்வலர் மவுஸைத் தன் கையில் வாங்கிக்கொள்வார், நாலே க்ளிக்கில் வேலை முடிந்துவிடும், யாருக்கும் எதுவும் வந்திருக்காது.

மொழி விஷயமும் இதோடு ஒட்டியதுதான். ஆங்கிலத்தில் நடத்தி மொழிபெயர்ப்பாளர் வைத்தால் நேரம் இரட்டிப்பாகிறது, திரையைப் பார்ப்பதா மொழிபெயர்ப்பைக் கேட்பதா என்று கவனமும் பிரிகிறது. தாய்மொழியில் நடத்துவது எவ்வளவோ மேல். ஆனால் திரையில் மெனு எந்த மொழியில் இருக்கும் என்பதை முதல் நாளே பேசி முடித்துவிட வேண்டும். ஸ்பானிஷ் எக்செலில், அட்டவணையில் விவரம் தேடியெடுக்கும் வீலுக்அப் சூத்திரத்துக்குப் பெயரே வேறு, புஸ்கார்வி. பாதிப் பேரிடம் ஒன்றும் மீதிப் பேரிடம் மற்றதும் இருந்தால் அன்றைய வகுப்பு கோவிந்தா. பேச்சு தாய்மொழியில், மெனு எல்லாருக்கும் ஆங்கிலத்தில் என்று வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் பின்னால் இணையத்தில் உதவி தேடும்போதும் அந்த மெனுப் பெயர்கள்தான் கைகொடுக்கும்.

ஷீட்டா, சிஆர்எம்மா

இப்போது மென்பொருள். ஷீட் என்றால் ஸ்ப்ரெட்ஷீட், சிஆர்எம் என்றால் உறுப்பினர் விவரங்களையும் அவர்களோடான தொடர்புகளையும் வைத்துக்கொள்ளும் மென்பொருள். கூகுள் ஷீட்ஸ் இலவசம், போனிலும் திறக்கும், யார் எதை மாற்றினார்கள் என்ற பழைய பதிப்புகளும் இருக்கும். சேல்ஸ்ஃபோர்ஸ் தகுதியுள்ள லாபநோக்கற்ற அமைப்புகளுக்குப் பத்து உரிமங்களை இலவசமாகத் தருகிறது, ஆனால் அதைக் கட்டி மேய்க்க ஒரு ஆள் வேண்டும், அவர் சம்பளம் இலவசம் இல்லை. 2005-இலிருந்து இருக்கும் சிவிசிஆர்எம் திறந்த மூல மென்பொருள், உறுப்பினர் சந்தா, நிகழ்ச்சி எல்லாம் அதில் செய்யலாம், ஆனால் சர்வரில் ஏற்றிப் பராமரிக்க வேண்டும். மனுவும் மின்னஞ்சலும்தான் முக்கியம் என்றால் ஆக்‌ஷன் நெட்வொர்க் எளிது.

எப்போது ஷீட் போதாமல் போகிறது? ஒருவர் பல கூட்டங்களுக்கு வருகிறார். ஷீட்டில் என்ன செய்கிறார்கள் என்றால், வலப்பக்கம் ஜனவரிக் கூட்டம், பிப்ரவரிக் கூட்டம் என்று நெடுவரிசையாகச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள், ஒரு வருஷத்தில் அந்தத் தாள் போனில் பார்க்க முடியாத நீளத்துக்குப் போய்விடும். இந்த இடத்தில் உடனே சிஆர்எம் வாங்கப் போகாமல், ஒரு தாளில் ஆட்கள், இன்னொரு தாளில் வருகைகள், இரண்டையும் உறுப்பினர் எண்ணால் இணைப்பது என்று ஒரு வகுப்பு நடத்திப் பாருங்கள். இது புரிந்தவருக்கு எந்த சிஆர்எம்மும் புரியும். இது புரியாமல் சிஆர்எம் வாங்கிய அமைப்பில் எல்லாத் தகவலும் குறிப்புகள் என்ற ஒரே பெட்டிக்குள் கொட்டிக் கிடக்கும், தேடினால் கிடைக்காது.

எதை எழுதாமல் விடுவது

நான் பாடத்திட்டம் போட்டால் இதைத்தான் முதல் வாரம் வைப்பேன், மற்றவர்கள் கடைசியில் வைக்கிறார்கள் அல்லது வைப்பதே இல்லை. குடியேற்ற நிலை என்று ஒரு நெடுவரிசை பட்டியலில் இருக்கவே கூடாது. வழக்கறிஞர் பார்க்க வேண்டிய விவரம் வழக்கறிஞரிடம் இருக்கட்டும். ஒருங்கிணைப்பாளரின் ஷீட்டில் இருந்தால் நீதிமன்ற உத்தரவு வரும்போது கொடுக்க வேண்டி வரலாம், லிங்க் தெரிந்த யாரும் பார்க்கலாம் என்று தவறிப்போய்ப் பகிர்ந்துவிட்டால் உத்தரவுகூடத் தேவையில்லை. ஒரு காரணத்துக்காகக் கொடுத்த விவரம் வேறு காரணத்துக்குப் பயன்படுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களுக்கு அனுப்புவதில் 1940 மக்கள்தொகைக் கணக்கின் பகுதிவாரி எண்ணிக்கைகள் பயன்பட்டன. 2025 ஏப்ரலில் வரித்துறையான ஐஆர்எஸ், குடியேற்ற அமலாக்கத்துக்காக வரி விவரங்களைப் பகிர உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையோடு ஒப்பந்தம் போட்டது. வரி கட்டினால் நல்லது என்று நம்பிக் கொடுத்த முகவரிகள் அவை.

வாட்ஸ்அப்பா, சிக்னல் என்ற செய்திச் செயலியா என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. செய்தியின் உள்ளடக்கம் இரண்டிலும் முனைக்கு முனை குறியாக்கம்தான், அதாவது அனுப்பியவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாது, வாட்ஸ்அப் 2016-இலிருந்து பயன்படுத்துவதே சிக்னலின் முறை. வித்தியாசம் செய்தியைச் சுற்றியுள்ள விவரங்களில், யார், யாருக்கு, எப்போது என்பதில். அதே 2016-இல் நீதிமன்ற ஆணையோடு கேட்டபோது சிக்னலிடம் கொடுக்க இருந்தது கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே. 2024-இலிருந்து சிக்னலில் போன் எண்ணைக் காட்டாமல் பயனர் பெயர் வைத்துக்கொள்ளலாம். சாதாரண வாட்ஸ்அப் குழுவிலோ உள்ளே வந்த எவரும் எல்லார் எண்ணையும் பார்க்கிறார். சரி, அப்படியானால் எல்லாரையும் சிக்னலுக்கு மாற்றிவிடலாமா? மாற மாட்டார்கள். அம்மா ஊரில் வாட்ஸ்அப்பில் இருக்கிறார், அதனால் இவரும் அங்கேதான். பொது அறிவிப்புக்கு வாட்ஸ்அப் கம்யூனிட்டி, அதன் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்கள் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. உள்குழு ஏழெட்டுப் பேருக்குச் சிக்னல். இப்படிப் பிரித்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு வருகிறது.

சொந்த சர்வேயா, அரசாங்கப் புள்ளிவிவரமா

நகராட்சிக் கூட்டத்தில் "எங்கள் மொழியில் படிவம் வேண்டும்" என்று கேட்கும்போது எண் வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை நடத்தும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளைக் கேட்கிறது. ஒரு வருடத் தொகுப்பு 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு மட்டும், சின்ன இடங்களுக்கு ஐந்து வருடத் தொகுப்பு. வீட்டில் பேசும் மொழிக்கான விரிவான அட்டவணையில் தமிழுக்குத் தனி வரி இருக்கிறது, நேபாளியும் மராத்தியும் வேறு மொழிகளோடு ஒரே வரியில் சேர்ந்துவிடுகின்றன. சின்னப் பகுதிகளுக்கு இறங்கினால் தமிழும் தொகுப்பில் கரைந்துவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு இருக்கும். 400 பேர், கூட்டியோ குறைத்தோ 350 என்றால் அந்த 400-ஐ மேடையில் அடித்துச் சொல்லக் கூடாது என்பதை ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம், தகும். இந்த எண்கள் வெறும் அலங்காரம் இல்லை. வாக்குரிமைச் சட்டத்தின் 203-ஆம் பிரிவில் எந்தப் பகுதி எந்த மொழியில் தேர்தல் உதவி தர வேண்டும் என்பதை, ஆங்கிலம் போதுமான அளவு தெரியாத வாக்களிக்கும் வயதுக் குடிமக்கள் 10,000-க்கு மேலா, 5 சதவீதத்துக்கு மேலா என்று பார்த்து, எழுத்தறிவு நிபந்தனையும் வைத்து, இதே சர்வேயிலிருந்துதான் முடிவு செய்கிறார்கள்.

சொந்த சர்வே அரசாங்கம் கேட்காததைக் கேட்கும்: கூலி பாக்கி, ஹீட்டர், எலி. கோபோடூல்பாக்ஸ் என்ற சர்வே மென்பொருள் இணையம் இல்லாமலும் ஆண்ட்ராய்டு போனில் ஓடும், ஒரே படிவத்தைப் பல மொழியில் வைக்கலாம். ஆனால் தெரிந்தவர்களிடமே கேட்டு வாங்கிய எண்ணை "நம் மக்களில் 80 சதவீதம்" என்று சொல்லக் கூடாது. "நாங்கள் பேசிய 120 பேரில் 96 பேர்" என்று சொன்னால் யாராலும் அசைக்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்க நேரம் என்றால் சொந்த சர்வேயை எடுப்பேன், அதைச் செய்து பார்த்தவருக்கு அரசாங்க அட்டவணையின் ஓட்டைகளும் தானாகக் கண்ணில் படும்.

எல்லாவற்றையும் ஒரு தன்னார்வலரிடம் விட்டுவிட்டால்?

பல இடங்களில் நடைமுறையில் இதுதான் நடக்கிறது, மலிவும் இதுதான். அவர் ஒரு வாரக் கடைசியில், எண்களை ஒரே திரையில் காட்டும் அழகான டாஷ்போர்டு செய்து கொடுப்பார், எல்லாரும் கை தட்டுவார்கள், அப்புறம் அவருக்குக் குழந்தை பிறக்கும் அல்லது வேறு மாநிலத்தில் வேலை கிடைக்கும், டாஷ்போர்டு அன்றைய தேதியோடு நின்றுவிடும். கணக்கும் அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கும். இப்படிப்பட்டவர் கிடைத்தால் டாஷ்போர்டைக் கேட்காதீர்கள். மாதம் ஒருமுறை, எந்த ஸ்ப்ரெட்ஷீட்டிலும் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக நகல் எடுத்து வைப்பது, எந்தத் தாளை யார் திறக்க முடியும் என்று சரிபார்ப்பது, விலகிப்போனவர்களின் அனுமதியை நீக்குவது, கணக்குகளுக்கு அமைப்பின் மின்னஞ்சலில் இரண்டு உரிமையாளர்களை வைப்பது, இவற்றை அவரிடம் கேளுங்கள், செய்யும்போது ஒரு ஒருங்கிணைப்பாளரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், மூன்றாவது மாதம் இருவரும் இடம் மாறி உட்காரட்டும்.